தராசு யார் கையில்? கோத்தகிரிச் சரிவின் தேனும் கடுக்காயும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் வருகிறவர்களுக்கு முதலில் தேயிலைதான் கண்ணில் படும். குஞ்சப்பனை நெருங்க நெருங்கத் தேயிலை குறைந்து காடு கூடும். அந்தச் சரிவுகளின் மடிப்புகளில் இருளர்களும் குறும்பர்களும் வாழும் சிற்றூர்கள் இருக்கின்றன. தேன், தேன்மெழுகு, கடுக்காய், நெல்லி, சீகைக்காய், பூந்திக்கொட்டை, ஈச்ச ஓலைச் சீமாறு, கல்பாசி, குங்கிலியம் என்று ஒரு மரத்தையும் வெட்டாமல் காட்டிலிருந்து இறங்கும் சரக்கெல்லாம் அவர்கள் தலையிலும் தோளிலும்தான் வந்து சேர்கிறது.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேர் உணவுக்கோ மருந்துக்கோ கைச்செலவுக்கோ இத்தகைய வனப்பொருட்களை நம்பியிருக்கிறார்கள் என்பது மத்திய அரசு தன் ஆதரவு விலைத் திட்டத்தில் சொல்லும் கணக்கு. பழங்குடியினரின் ஆண்டு வருமானத்தில் 20 முதல் 40 சதவீதம் இதிலிருந்து வருகிறது என்றும் அதே திட்டம் சொல்கிறது. இவ்வளவு பெரிய வரவு சேகரிப்பவரின் வீட்டில் ஏன் தங்காமல் போனது, அதைத் தங்கவைக்க என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைக் கோத்தகிரிப் பகுதியின் அனுபவத்தை வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு. இருளர், குறும்பர், தோடர், கோத்தர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களைத் தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருக்கிறது. ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்பவை. ஆகவே இங்கே கிடைக்கும் விடை இந்த ஒரு சரிவுக்கு மட்டும் உரியதல்ல.

ஓராண்டுக் குத்தகையும் ஒடிக்கப்பட்ட கிளையும்

பழைய ஏற்பாடு எளிமையானது. ஒரு வனச் சரகத்தில் வனப்பொருள் சேகரிக்கும் உரிமை ஏலத்துக்கு வரும். வெளியூர் வியாபாரி எடுப்பார். அவருடைய ஆள் ஊருக்குள் வந்து முன்பணம் கொடுப்பார். மழைக்காலத்தில், வேலை இல்லாத நாளில், அரிசிக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய அந்த முன்பணத்தைப் பருவம் வந்ததும் சரக்காகக் கொடுத்துக் கழிக்க வேண்டும். எடை போடுவது அவர் தராசு, விலை வைப்பது அவர் வாய். காட்டை அறிந்தவர் இந்த வியாபாரத்தில் கூலியாள். காட்டுக்குள் கால் வைக்காதவர் முதலாளி.

பின்னாளில் பழங்குடியினருக்கான, லேம்ப் எனப்படும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ் கிராம வனக்குழுக்களும் வந்தன. சில இடங்களில் இவை நன்றாக நடந்தன. ஆனால் பல இடங்களில் சங்கத்தின் பெயரில் சரக்கை எடுத்தவர் அதே பழைய வியாபாரிதான்.

இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கூலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது மரத்துக்கு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். குத்தகை ஓராண்டுக்கு. அடுத்த ஆண்டு ஏலம் யார் கைக்குப் போகுமோ தெரியாது. ஆகவே எடுத்தவர் இந்த ஆண்டே எல்லாவற்றையும் எடுத்துவிடப் பார்ப்பார். நெல்லியில் ஏறிக் காயைப் பறிக்க ஒரு நாள் ஆகும், கிளையை வெட்டிப் போட்டால் அரை நாளில் முடியும். கல்பாசியைப் பட்டை நோகாமல் கையால் உரித்தால் கொஞ்சம்தான் சேரும், கத்தியால் சுரண்டினால் பட்டையோடு வரும். கல்பாசி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்கிற உயிர். சுரண்டிய இடத்தில் அது திரும்பி வரும்போது சுரண்டியவருக்குத் தலை நரைத்திருக்கும். கருங்குங்கிலிய மரத்தின் அடியில் நெருப்பு மூட்டினால் பால் விரைவாகக் கசியும், மரமும் விரைவாகச் சாகும். பக்குவமாகக் கீறிவிட்டுக் காத்திருந்தால் அதே மரம் பல ஆண்டுகள் கொடுக்கும். காத்திருக்க வேண்டுமானால் அடுத்த ஆண்டும் அந்த மரம் தன்னுடையதுதான் என்ற உறுதி வேண்டும்.

பழங்குடிகள் காட்டை அழிக்கிறார்கள் என்று சொல்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அந்தக் கிளையை ஒடித்த கை பழங்குடியின் கை என்பது உண்மை. ஆனால் ஓராண்டுக்குள் கசக்கி எடுத்துவிடு என்று சொன்னது ஏலம். அந்த ஏலத்தின் பெயரை யாரும் குற்றப்பத்திரிகையில் எழுதுவதில்லை.

பாறைத்தேன்

இந்தச் சரிவில் விலையிலும் பெருமையிலும் முதலில் நிற்பது தேன். கொம்புத்தேன், அடுக்குத்தேன், கொசுத்தேன் எல்லாம் உண்டு என்றாலும் வியாபாரத்துக்கு வருவதில் பெரும்பகுதி மலைத்தேனீ பாறையில் கட்டும் தேன். ஒரே பெரிய அடை, பாறையின் அடிவயிற்றில் திறந்த வெளியில் தொங்கும். ஒரு நல்ல பாறையில் பத்து, இருபது அடைகள், சில பாறைகளில் அதற்கும் பல மடங்கு. இந்த ஈ பெட்டிக்குள் வளராது. பூவைத் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும். கோடையில் சரிவின் மரங்கள் பூக்கும்போது இங்கே தங்கி, பெருமழை பிடிக்கும் முன் கிளம்பிவிடும். சித்திரை, வைகாசியைச் சுற்றித்தான் முக்கியமான அறுவடை.

தேன் எடுக்கப் போகிற குடும்பத்தில் சில நாள் விரதம் உண்டு. பூசை போட்டுவிட்டுத்தான் பாறைக்குப் போவார்கள். காட்டுக்கொடியில் திரித்த ஏணியைப் பாறைக்கு மேல் உள்ள மரத்தில் கட்டிக் கீழே விடுவார்கள். பச்சிலையையும் காய்ந்த சருகையும் சேர்த்துக் கட்டிய பந்தத்தில் புகை காட்டி ஈயை விலக்குவார்கள். சில ஊர்களில் பகலில், சில ஊர்களில் இருட்டில். மேலே நின்று ஏணியையும் கயிற்றையும் காவல் காப்பவர் இறங்குகிறவரின் மச்சான், அதாவது மனைவியின் உடன்பிறந்தவன். தன் சகோதரி தாலியறுக்க விடமாட்டான் என்பது கணக்கு. எந்தப் பாறை எந்தக் குடும்பத்தினுடையது என்பதும் காலங்காலமாக வகுக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் பாறையில் இன்னொருவர் ஏணி போடுவதில்லை. உரிமை என்றால் என்ன என்று இந்த மக்களுக்குச் சட்டம் வந்துதான் தெரிய வேண்டும் என்பதில்லை.

அடையை எப்படி வெட்டுகிறார்கள் என்பதில்தான் அடுத்த ஆண்டுத் தேன் இருக்கிறது. அடையின் மேல் மூலையில், பாறையோடு ஒட்டிய தடித்த பகுதியில் தேன் சேரும். கீழே பரந்து தொங்குவது புழுவும் முட்டையும் இருக்கும் பகுதி. தேன்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஈ திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி கட்டும், குஞ்சும் பிழைக்கும். முழு அடையையும் அறுத்தால் அந்தக் கூட்டம் அங்கேயே முடிந்தது. ஒரு பாறையில் சில அடைகளைத் தொடாமல் விடுவது பெரியவர்களின் வழக்கம். எடைக்கு மட்டும் காசு கொடுத்த காலத்தில், அவசரத்துக்கு முழு அடையும் இறங்கியது. புழுவோடு பிழிந்த தேன் கலங்கலாக வந்தது. கலங்கல் என்று சொல்லி வியாபாரி விலையைக் குறைத்தார். விலை குறைந்ததால் இன்னும் அதிகம் எடுக்க வேண்டி வந்தது. இந்தச் சுழலை உடைப்பதுதான் கோத்தகிரியில் நடந்த முயற்சியின் முதல் வேலையாக இருந்தது.

1993இல் தொடங்கப்பட்ட, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை தேன் எடுப்பவர்களிடமிருந்துதான் தன் வேலையை ஆரம்பித்தது. புதிதாக எதையும் கற்றுக்கொடுத்ததைவிட, தெரிந்ததைச் செய்வதற்குக் காசு கிடைக்கும்படி செய்தது என்பதே அதன் முக்கியமான பங்கு என்று நான் நினைக்கிறேன். புழு இல்லாத தேனுக்குக் கூடுதல் விலை. ஊரிலேயே எடை. அன்றைக்கே பணம். இந்த மூன்றும் சேர்ந்ததும் தேன்பகுதியை மட்டும் வெட்டும் பழைய பக்குவத்துக்கு மறுபடி மரியாதை வந்தது.

ஒரு சொட்டுத் தேனில் உள்ள நீர்

தேனை எடை போட்டுப் பக்குவப்படுத்தும் மையத்தில் தேன் வந்து இறங்கியதும் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். அடையைக் கையால் பிழிவதில்லை. மெழுகு மூடியைச் சீவிவிட்டுத் துணியின் மேல் வைத்துத் தானாக வடிய விடுகிறார்கள். பிறகு விரல் நீளக் கருவி ஒன்றின் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார்கள். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதை வைத்து நீரளவு தெரியும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி விற்பனைக்கு வரும் தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திறந்த பாறையில், ஈரக்காற்றில் கட்டும் மலைத்தேன் இயல்பாகவே இதைத் தாண்டிவிடும். தாண்டினால் வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார் என்பது மட்டும் சிக்கலல்ல. அந்த நீரில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் பெருகித் தேன் புளிக்கும், டப்பா உப்பும்.

காய்ச்சினால் நீர் போகும், மணமும் போகும். ஆகவே சூடேற்றாமல் ஈரத்தை இழுக்க வேண்டும். அதைவிட நல்ல வழி பாறையிலேயே இருக்கிறது. ஈ தேனை வற்றவைத்து மெழுகால் மூடிய பிறகு எடுத்தால் நீர் குறைவாக இருக்கும். மூடுவதற்கு முன்பே எடுத்தால் கூடுதலாக இருக்கும். முன்பணக்காரர் அவசரப்படுத்தினால் மூடாத அடைதான் இறங்கும். பாறையடியில் நிற்பவருக்குக் காத்திருக்க முடிகிறதா என்பதை அந்தச் சொட்டில் தெரியும் எண்ணே சொல்லிவிடும்.

தேன் வடிந்த சக்கையை முன்பெல்லாம் எறிந்துவிடுவார்கள், அல்லது வியாபாரி சும்மா எடுத்துப் போவார். இப்போது அதை வெந்நீரில் உருக்கி வடிகட்டி மெழுகாக்குகிறார்கள். அதிலிருந்து சோப்பு, மெழுகுத்தைலம், மெழுகுவத்தி. இந்த வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாறையில் இறங்குவது ஆண்களின் வேலையாக இருந்த தேனில், கூலி என்று ஒன்று பெண்கள் கைக்கு வந்தது மெழுகு வழியாகத்தான்.

2013இல் வந்த கம்பெனி

அறக்கட்டளை வாங்கி விற்பதும் ஒருவகையில் வெளியார் தராசுதான், நல்ல மனசுள்ள தராசு என்றாலும். இதை உணர்ந்துதான் அடுத்த அடி வைக்கப்பட்டது. 2010இல் விற்பனைக்கென்று லாஸ்ட் ஃபாரஸ்ட் என்ற தனி நிறுவனம் உருவானது. 2013இல் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவானது. இதில் பங்கு வைத்திருப்பவர்கள் பழங்குடிகளே. சரக்கைக் கொடுப்பவரும் அவரே, முதலாளியும் அவரே. 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் இதற்கு ஈக்குவேட்டர் விருது கொடுத்தபோது சுமார் 1,700 உறுப்பினர்களும் 147 ஊர்களும் இதில் இருந்தன.

விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கணக்கு நோட்டு. யாருடைய தேன் எத்தனை கிலோ, எந்தப் பாறை, நீர் எவ்வளவு, விலை எவ்வளவு என்று ஊரிலேயே எழுதுகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளையே எழுதுவதால் எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்க ஊரில் ஆள் இருக்கிறது. முன்பு முன்பணக்காரரின் நோட்டில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

சிரமங்களும் இருக்கின்றன. பருவத்தில் சரக்கு மொத்தமாக வரும், விற்க ஓராண்டு ஆகும், சேகரித்தவருக்குப் பணம் அன்றைக்கே கொடுக்க வேண்டும். இடையில் கையில் பணம் வேண்டும். அடமானம் வைக்க நிலமில்லாத பங்குதாரர்களின் கம்பெனிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குகின்றன. பெரிய கடைகள் எல்லாப் பாட்டிலும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. நாவல் பூத்த காலத்துத் தேன் கறுத்து லேசாகக் கசக்கும், இன்னொரு பூவின் தேன் பொன்னிறமாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் குறை என்று நினைக்கும் நகரத்து வாங்குபவர், சர்க்கரைப்பாகு கலந்த தேனை நம்பி வாங்கிவிடுகிறார். பழங்குடிகள் சந்தைக்கு ஏற்ப மாற வேண்டும் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் வாங்குகிறவருக்கும் இரண்டு வார்த்தை சொல்லலாம்.

கடுக்காயும் சீமாறும்

தேன் பேச்சிலேயே மற்றதை மறந்துவிடக் கூடாது. தேன் எல்லா வீட்டுக்கும் இல்லை. பாறை ஏறத் தெரிந்தவர் வீட்டுக்குத்தான். கடுக்காயும் சீமாறும் விதவைக்கும் கிழவிக்கும் பள்ளி விடுமுறையில் பிள்ளைக்கும் உண்டு. 2020இல் மத்திய அரசு திருத்திய ஆதரவு விலையில் காட்டுத்தேன் கிலோ 225 ரூபாய், மலைப்புல் சீமாறு 50, கொட்டையோடு புளி 36, கடுக்காய் 15. கிலோ 15 ரூபாய்க்கு ஒரு நாளெல்லாம் குனிந்து பொறுக்கினால் எவ்வளவு சேரும் என்று யோசித்தால் இந்த விலை எப்படிப்பட்டது என்று புரியும். அதே கடுக்காய், நெல்லி, தான்றியோடு சேர்ந்து திரிபலா என்ற பெயரில் மருந்துக்கடைக்கு வரும்போது விலை வேறு. தோல் பதனிடும் ஆலைக்கும் கடுக்காய் போகிறது. ஊரில் செய்யக்கூடியது என்னவென்றால் தரம் பிரிப்பதும் நன்றாகக் காயவைப்பதும். பூஞ்சை பிடிக்காமல் காய்ந்து, கொட்டை நீக்கிய கடுக்காய்க்குக் கூடுதல் விலை கிடைக்கும். அதற்கு வேண்டியது ஒரு சிமென்ட் களமும், மழை வந்தால் போர்த்த ஒரு தார்ப்பாயும். பல ஊர்களில் அந்தக் களம் இல்லை.

சீமாற்றுக்கு ஈச்சம்புதரின் முற்றிய ஓலையைக் குருத்தை விட்டுவிட்டு அறுப்பார்கள். குருத்து இருந்தால் மறுபடி தழைக்கும். ஆனால் இப்போது அந்தப் புதர்கள் நின்ற சரிவுகளை லாண்டானா என்ற உண்ணிச்செடி மூடிக்கொண்டு வருகிறது. நடக்கவே வழியில்லாதபடி படர்ந்து, யானை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் செய்துவிடுகிறது. கூடலூர்ப் பக்கம் இந்தச் செடியின் தண்டை வளைத்துப் பழங்குடிக் கலைஞர்கள் நிஜ அளவு யானைகள் செய்தார்கள், அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. நல்ல வேலை. ஆனால் காட்டில் இருக்கும் உண்ணிச்செடியின் அளவுக்கு யானை செய்து முடியாது. அதைப் பிடுங்குவதற்கே கூலி கொடுக்க வேண்டும்.

விலைக்கு வராதவை

காட்டிலிருந்து வீட்டுக்கு வருவதில் பாதி தராசுக்கே போவதில்லை. கவலைக்கிழங்கு, நூறைக்கிழங்கு, கீரை வகைகள், காளான், நோய்க்குப் பச்சிலை, கூரைக்குப் புல். கிழங்கு தோண்டுகிறவர்கள் கொடியோடு தலைப்பகுதியை வெட்டிக் குழியிலேயே வைத்து மண் மூடிவிட்டு வருவார்கள், மறு வருடம் அதே குழியில் கிழங்கு இருக்கும். ரேஷன் அரிசி வந்த பிறகு கிழங்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அடைமழையில் தோட்ட வேலை நின்று, பாதை சரிந்து, கடைக்குப் போக முடியாத வாரத்தில் அடுப்பு எதை வைத்து எரிந்தது என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பார்க்கலாம். வருமானக் கணக்கெடுப்பில் இந்தக் கிழங்குக்குக் கட்டமே இல்லை. ஆகவே காட்டுக்குள் போகத் தடை போடும்போது இழப்பீட்டிலும் இதற்கு இடமில்லை.

சட்டம் கொடுத்ததும் வந்து சேராததும்

தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் காய்ந்த மரம், புல் முதலியவற்றை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000இல் உத்தரவிட்டது. அதன் பிறகு பல சரணாலயங்களில் வனப்பொருள் சேகரிப்பே நின்றது. முதுமலை 2007இல் புலிகள் காப்பகமானதும் காட்டுக்குள் கால் வைப்பது இன்னும் கடினமானது. இதற்கு நேர் எதிர்த் திசையில் வந்தது வன உரிமைச் சட்டம், 2006. அதன் 3(1)(இ) பிரிவு, மரபாகச் சேகரித்துவரும் சிறு வன மகசூலின்மீது, அதாவது மரமல்லாத வனப்பொருட்களின்மீது, மக்களுக்கு உடைமை உரிமையே கொடுக்கிறது: சேகரிக்க, பயன்படுத்த, விற்க. மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, மூலிகை, கிழங்கு எல்லாம் அதில் அடங்கும். சரணாலயத்துக்கும் காப்பகத்துக்கும் இது பொருந்தும். பக்கத்துக் கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை புலிகள் காப்பகத்தில் வாழும் சோளகர் பழங்குடியினர் 2011லேயே காட்டின்மீது சமூக உரிமை பெற்றார்கள்.

தமிழ்நாட்டில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. உரிமைப் பத்திரம் வழங்குமுன் தன் அனுமதி வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவு, 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் விலகியது. நாடு முழுதும் நடந்த சட்டம் இங்கே எட்டு ஆண்டுகள் கட்டிப்போடப்பட்டிருந்தது. அதோடு நீலகிரிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கே பேரூராட்சிகள் பல. அவற்றுக்குள் வரும் பழங்குடி ஊர்களில் உள்ளாட்சிச் சட்டப்படி கிராம சபை கூடுவதில்லை. ஊராட்சிகளிலும் மலைமேல் ஒன்று, பள்ளத்தில் ஒன்றாகச் சிதறிய பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரே கிராம சபைதான். வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் தனி ஊரையும் கிராமமாக ஏற்க இடம் கொடுக்கிறது, அந்த ஊர்ச் சபையே உரிமையைத் தொடங்கி வைக்கிறது. இதை ஏற்று ஊர் ஊராகச் சபை கூட்டிய இடங்களில் வேலை நகர்ந்தது, ஊராட்சி அளவில் மட்டும் கூட்டிய இடங்களில் மனுக்கள் தேங்கின.

உரிமைப் பத்திரம் வந்தாலும் சரக்கு சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். வனப்பொருளை ஏற்றிச் செல்லப் பெர்மிட் கேட்கிறார்கள். வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகிறது, அதிகாரி இல்லையென்றால் இரண்டு நாள். இந்த இடைஞ்சலுக்கும் விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 2012இல் திருத்திய வன உரிமை விதிகளின்படி சிறு வன மகசூலைச் சேகரிப்பதற்கு அரசுக்குக் கட்டணமோ உரிமத்தொகையோ கிடையாது. அதை எடுத்துச் செல்லும் பெர்மிட்டைக் கொடுக்க வேண்டியது கிராம சபை அமைக்கும் குழு, அல்லது சபை அதிகாரம் கொடுத்த ஆள். ஆகவே ஒரு ஊர் இப்போது செய்யக்கூடியது இது: சபையைக் கூட்டி, விதி 4(1)(உ)இன்படி குழுவை அமைத்து, பெர்மிட் புத்தகம் ஒன்றை அச்சடித்து, ஊர் முத்திரை வைத்து, அதன் நகலைச் சரக அலுவலகத்திலும் சோதனைச்சாவடியிலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது. தேன் இறங்குவதற்கு முன்பே, தை மாசிக்குள் இதை முடித்துவிட வேண்டும்.